எல்லைக்கல்லில் நடந்த இண்டர்வியூ

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருஷத்தை ஓட்டிவிட்டேன். பேனாவை எடுப்பேன், சுவரில் இருக்கிற மாரியம்மன் படத்தைப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். அம்மன் சம்பந்தப்பட்ட சங்கதி. சிரிப்பு வருகிற மாதிரி எழுதினால் தப்பாகிவிடுமோ என்று ஒரு பயம். சிரிப்பு வராமல் எழுதலாம் என்றால் நடந்தது அப்படி இல்லை. இன்னொரு பயமும் உண்டு. இதில் சில இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் எட்டாவது வரைதான் படித்தவன். படித்தவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று கூச்சம். கடைசியில் என் வீட்டுக்காரிதான், "சும்மா எழுதுங்க. அவளுக்குத் தெரியாததயா எழுதிப்போடப் போறீங்க?" என்றாள். அவள் என்று சொன்னது அம்மனை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கேரளத்தில், பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளிக்குப் பக்கம்; தமிழும் மலையாளமும் கலந்த எல்லைச் சீமை. எழுபதுகளில் தொடர்ந்து மழை ஏமாற்றி, கிணற்றில் தவளை கூட இருக்க முடியாமல் வெளியேறிப் போன காலம் அது. கொஞ்சம் நிலம், இரண்டு மாடு, மூன்று குழந்தைகள். காட்டை, அதுதான் அந்த நிலத்தை, நம்பி இனி அடுப்பு எரியாது என்று ஆகிவிட்டது. அப்போது ஊருக்கு மேற்கே, முன்பு எல்லோரும் ஆடு மாடு மேய்த்த புறம்போக்கு நிலத்தை எடுத்து, கம்பி செய்கிற ஒரு கம்பெனி கட்டியிருந்தார்கள். அங்கே கேட்டில் நிற்க வாட்ச்மேன் வேண்டும் என்று கேள்விப்பட்டு ஒரு மனு எழுதிப் போட்டேன். அந்த வேலை கிடைத்தால்தான் குழந்தைகள் பள்ளிக்கூடம் போவார்கள். இல்லாவிட்டால் மாட்டை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு எங்காவது எஸ்டேட்டுக்குக் கூலி வேலைக்குப் போவது என்று பேசி வைத்திருந்தோம்.

மனு போட்ட கையோடு அம்மனுக்குப் பூவோடு எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். மண்சட்டியில் தீயை வளர்த்து, கையில் ஏந்திக் கோயிலைச் சுற்றி வருவதைத்தான் எங்கள் பக்கம் பூவோடு என்பார்கள். வேலை கிடைத்த பிறகு எடுக்கலாம் என்று நான் நினைத்தேன். வீட்டுக்காரி ஒத்துக்கொள்ளவில்லை.

"கெடச்ச பொறவு எடுக்கறனுங்கன்னு எல்லாருந்தான் சொல்றாங்க. நீங்க இந்த நோம்பிக்கே முன்னால எடுத்துப்போடுங்க."

"வேல கெடைக்காமயே எப்படிப் புள்ள எடுக்கறது?"

"எடுத்துப்போட்டா அவளுக்குச் சங்கடமாப் போயிருமுங்க. குடுத்துத்தான் தீரோணும்."

எனக்கும் அது சரியென்று பட்டது. அந்த வருஷம் கோயிலில் நோம்பி என்கிற அம்மன் திருவிழாவுக்குக் கம்பம் நட்ட செவ்வாய்க்கிழமை, நானும் மஞ்சள் வேட்டி கட்டிப் போய் வரிசையில் நின்றேன். பூசாரி என் வலது மணிக்கட்டில் மஞ்சள் நூலைக் கட்டினார். காப்புக் கட்டிவிட்டால் அதை அவிழ்க்கும் வரை சவரம் கிடையாது, செருப்பு கிடையாது, ஒரு வேளைதான் சோறு. இன்னொரு கட்டளையும் உண்டு. அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். எனக்கே அது கொஞ்சம் பொறுத்துத்தான் ஞாபகத்துக்கு வந்தது.

மறுநாளே தபால்காரர் கம்பெனிக் கடுதாசியைக் கொண்டுவந்து கொடுத்தார். இங்கிலீஷில் இருந்தது. வீட்டுக்காரியின் தம்பி நல்லேப்பிள்ளியில் டைப்ரைட்டிங் கற்றுக்கொடுக்கும் இடத்தில் இருந்தான். ஆளை விட்டுச் சொல்லியனுப்பியதும் அன்றைக்கே சைக்கிளில் வந்துவிட்டான். வந்தவன் கடுதாசியைப் படித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"மச்சா, உங்களுக்குத் திங்கக்கெழம இண்டர்வியூ."

"அப்படின்னா?"

"இண்டர்ங்கறது லத்தீன்ல இருந்து வந்ததுங்க மச்சா. நடுவாலன்னு அர்த்தம். வியூன்னா பாக்கறது. அவுங்க உங்களப் பாப்பாங்க, நீங்க அவுங்களப் பாப்பீங்க. ரெண்டு பேருக்கு நடுவால நடக்கற பார்வ."

"பொண்ணு பாக்கற மாதிரியா?"

"அதேதானுங்க. காப்பித்தண்ணி மட்டும் அவுங்க குடுப்பாங்க."

லத்தீன் என்பது எந்த ஊர் பாஷை என்று கேட்டேன். இப்போது அதை யாரும் பேசுவதில்லை, பாதிரியார்களுக்குத்தான் தெரியும் என்றான். நம்முடைய மந்திரம் மாதிரி என்று எடுத்துக்கொண்டேன். மந்திரத்திலிருந்து வந்த வார்த்தை என்றதும் எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அவன் ஒரு சின்ன டிக்ஷனரியும் கொண்டுவந்திருந்தான். இண்டர்வியூவில் இண்டர் என்று தொடங்கும் வார்த்தைகளுக்குத்தான் அர்த்தம் கேட்பார்கள் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான். எதற்கு அப்படி என்று நான் கேட்கவில்லை. பொருத்தமாகத்தான் தோன்றியது. அன்று சாயங்காலம் முழுக்க மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து பாடம் நடந்தது. வீட்டுக்காரி பால் கறந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இண்டர்வல் சொல்லுங்க மச்சா."

"அது எனக்கே தெரியும். டாக்கீசுல பாதிப் படத்துல லைட்டப் போடறது."

"நடுவால விடற நேரம்னு சொல்லோணும். இண்டர்ஸ்டேட்?"

அது மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் நடுவில் இருப்பது. வீட்டுக்காரியின் பிறந்த ஊர் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வண்டியைச் செக்போஸ்டில் நிறுத்தி, சீர்த் தட்டைக் கிளறி, அரிசி கடத்துகிறோமா என்று பார்த்தார்கள். அதனால் அந்த வார்த்தை எனக்கு ஒருமுறை சொன்னதுமே ஒட்டிக்கொண்டது.

"இண்டர்ஃபியர்னா?"

"நடுவால போயித் தலையக் குடுக்கறது."

"உங்க அக்கா வந்தா பண்ணுவாங்களே, அது," என்றாள் வீட்டுக்காரி. மாடு கூடத் திரும்பிப் பார்த்தது.

இண்டர்நேஷனல் என்றால் நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவே. இண்டர்பிரிட்டர் என்றால் பாஷை தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் நின்று, இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் சொல்கிற ஆள். அடுத்த வார்த்தைக்கு மச்சினன் வாயைத் திறந்தான், இண்டர்கேஸ்ட் என்று பாதி சொன்னான், தன் அக்காவின் முகத்தைப் பார்த்தான், "அதக் கேக்க மாட்டாங்க மச்சா," என்று பக்கத்தைத் திருப்பிவிட்டான்.

எனக்கு மிகவும் பிடித்தது இண்டர்சீட் என்ற வார்த்தை. ஒருத்தருக்காக இன்னொருத்தரிடம் நடுவில் நின்று மன்றாடுவது என்று அர்த்தம் சொன்னான். கேட்டதும் பெரிய குழந்தைக்கு அம்மை போட்டிருந்தபோது பூசாரி வாசலில் நின்று, என் பெயரையும் என் பிள்ளை பெயரையும் சொல்லி அம்மனிடம் கெஞ்சியது ஞாபகம் வந்தது. அவர் செய்ததற்கு லத்தீனில் கூட ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்தபோது, கடவுள் எல்லா பாஷையிலும் காது வைத்துத்தான் இருக்கிறார் என்று பட்டது.

விளக்கு வைக்கிற நேரம். நான் தூணில் சாய்ந்து வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பால் செம்போடு எழுந்த வீட்டுக்காரி என் கையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, கையில காப்பு இருக்குதுங்களே."

"இருக்குது. அதுக்கென்ன?"

"காப்போட ஊரு எல்ல தாண்டப்படாதுங்களே."

நான் பொறுத்துச் சொல்வதாகச் சொன்ன கட்டளை அதுதான். பூவோடு எடுக்கக் காப்புக் கட்டியவன் அதை அவிழ்க்கும் வரை அம்மன் எல்லையைத் தாண்டக்கூடாது. கம்பெனியின் புகைக்குழாய் எங்கள் காட்டில் நின்றாலே தெரியும். தினமும் பார்க்கிறதால் அது எல்லைக்கு வெளியே என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேலைக்காக நேர்ந்துகொண்ட பூவோடே இப்போது வேலைக்குக் குறுக்கே நின்றது.

மச்சினன் மெதுவாக, "நடுவால மாட்டிக்கிட்டீங்க மச்சா," என்றான். அவனை இரண்டு பேரும் பார்த்த பார்வையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

விடிந்ததும் பூசாரியிடம் போனேன். அவரால் என்ன செய்ய முடியும்? அம்மனிடம் பூ கேட்கலாம் என்றார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் சந்நிதியில் போட்டு ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னார். வெள்ளை வந்தால் போகலாம் என்று உத்தரவு. வெள்ளைதான் வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"போலாம்னு சொல்லிப்போட்டாப்பா," என்றார் பூசாரி.

"அப்ப எல்ல தாண்டலாமுங்களா?"

"அதெப்படி? காப்பு கட்டியிருக்குதல்ல. தாண்டப்படாது."

"தாண்டாம எப்படீங்க போறது?"

"அது வேற கேள்வி. ஒரு நாளைக்கு ஒண்ணுதான் கேக்க முடியும்."

மறுநாள் போய்க் கேட்கலாம் என்று வீட்டுக்கு வந்து திண்டாடிக்கொண்டிருந்தேன். முழுதையும் கேட்டுவிட்டு வீட்டுக்காரி அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னாள்:

"மேக்கால எல்லக்கல்லு எங்க இருக்குதுங்க?"

அப்போதுதான் உறைத்தது. மேற்கு எல்லைக்கல் கம்பெனி காம்பவுண்டுக்குள்ளே இருந்தது. சுவர் கட்டும்போது கல்லைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை. அப்படியே உள்ளே விட்டுக் கட்டிவிட்டார்கள். நோம்பிக்கு நோம்பி பூசாரி உள்ளே போய் அதற்கு மஞ்சள் பூசி நூல் சுற்றிவிட்டு வருவார். கேட்டைத் தாண்டிச் சித்த தூரம் நடந்தால் கல். கல்லுக்கு அந்தப் பக்கம் ஆபீஸ். அதாவது கம்பெனி கேட் அம்மனுடையது, ஆபீஸ் மட்டும் வெளியூர்.

"கல்லு வரைக்கும் போயி நில்லுங்க," என்றாள்.

"அவிங்க உள்ள வரச் சொல்லுவாங்களே."

"பாக்கறதுக்குத்தானுங்க கூப்புட்டாங்க? வந்து பாத்துட்டுப் போகட்டும்."

பூசாரியும் இதில் குற்றமில்லை என்றார். கல்லை ஒட்டி நிற்கலாம், கால் விரல் கூட அந்தப் பக்கம் போகக்கூடாது என்று எச்சரித்து, நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினார்.

திங்கள்கிழமை மஞ்சள் வேட்டி, வெறுங்கால், ஒரு வாரத்துத் தாடியோடு போனேன். வேலைக்கு வந்த மற்றவர்கள் சலவைச் சட்டை போட்டு, தலையில் எண்ணெய் மின்ன, ஆபீஸ் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கல்லுக்குப் பக்கத்தில் நின்றேன். பங்குனி வெயில். மண் சுட்டது. காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்தேன். பெஞ்சில் இருந்த ஒருவன், "நோம்பிக்கு வசூலுக்கு வந்திருக்காப்பலயா?" என்று கேட்க எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நின்ற இடத்திலிருந்தே, "இருக்கறனுங்க," என்று சத்தம் கொடுத்தேன். மறுபடி கூப்பிட்டார்கள். மறுபடி இருக்கிறேன் என்றேன். ஆபீஸ் சூப்ரண்டு வெளியே வந்தார். பாலக்காட்டுக்காரர், மலையாளி.

"எந்தாடோ அவிடெ நிக்கணது? இங்ஙோட்டு வா."

"வர முடியாதுங்க சார்," என்று கையைத் தூக்கிக் காப்பைக் காட்டினேன்.

அவர் காப்பைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். அவர்கள் அம்பலம் என்கிற கோயில்களிலும் கொடியேறினால் இப்படிக் கட்டுப்பாடுகள் உண்டு. "மனசிலாயி," புரிந்தது என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, மேனேஜரிடம் இதை எப்படிச் சொல்வேன் என்று தனக்குத்தானே மலையாளத்தில் புலம்பிக்கொண்டு உள்ளே போனார். மேனேஜர் வடக்கேயிருந்து வந்தவர். அவருக்கு தமிழ், மலையாளம் இரண்டும் தெரியாது.

என்ன சொன்னாரோ, சித்த நேரத்தில் மேனேஜரே வெளியே வந்தார். பின்னால் ஒரு பியூன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கல்லுக்கு அந்தப் பக்கம் நாற்காலியைப் போட்டு மேனேஜர் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் நான். நடுவில் சூப்ரண்டு. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வேடிக்கை பார்த்தார்கள். பியூன் மேனேஜருடைய டீ கிளாஸைக் கல்லின்மேல் வைக்கப் போனான். "சாமி சாமி," என்று நான் பதறியதில் டீ முழுக்க அவன் கையிலேயே கொட்டிவிட்டது.

மேனேஜர் என்னைப் பார்த்து இங்கிலீஷில் நீளமாக ஏதோ கேட்டார். சூப்ரண்டு என்னிடம், "சுகந்தன்னே அல்லேன்னு சோதிக்குன்னு," என்றார். சௌக்கியம்தானே என்று மேனேஜர் விசாரிக்கிறாராம்.

"நல்லா இருக்கறனுங்க. அவிங்க ஊட்லயும் எல்லாரும் சௌக்கியங்களான்னு கேட்டேன்னு சொல்லுங்க."

சூப்ரண்டு ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். மேனேஜர் அன்றைக்குக் கேட்டது, இந்த ஆளுக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று. இது எனக்குத் தெரிய வெகு காலம் ஆயிற்று.

ஏன் உள்ளே வர மாட்டேன் என்கிறான் என்று அடுத்த கேள்வி. சூப்ரண்டு இங்கிலீஷில் தடுமாறினார். காப்புக்கும் எல்லைக்கும் அவருக்கு வார்த்தை கிடைக்கவில்லை. நான் படித்து வைத்திருந்ததை வீணாக்குவானேன் என்று நானே தொடங்கினேன்.

"சார், இண்டர்வல் சார்," என்று காப்பைத் தொட்டுக் காட்டினேன். "கட்டறதுக்கும் அவுக்கறதுக்கும் நடுவால. இண்டர்வல்."

மேனேஜர் புருவத்தைத் தூக்கினார். எனக்குத் தைரியம் வந்தது. என் பக்கத்து மண்ணைக் காட்டி, "திஸ் அம்மன்," என்றேன். அவர் பக்கத்தைக் காட்டி, "தட் கம்பெனி," என்றேன். கல்லைக் காட்டி, "இண்டர்நேஷனல்," என்றேன். பிறகு இரண்டு கையையும் கூப்பி, "ஐ நோ இண்டர்ஃபியர் சார்."

"மதி, மதி," போதும் போதும் என்று சூப்ரண்டு என் வாயைப் பொத்துகிற மாதிரி கையைக் காட்டினார். மேனேஜரின் மீசை ஆடியது. கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் எழுந்து கல்லைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு என் முகத்தையே பார்த்து நிதானமாக ஏதோ சொன்னார். இந்தத் தடவை சூப்ரண்டு விளையாட்டில்லாமல், மெதுவாக, தனக்குத் தெரிந்த தமிழிலேயே முழுதையும் சொன்னார்.

"உத்தியோகம் உனக்குத்தான். இந்த ஒரு அடி எடுத்து வெச்சு, உள்ள வந்து கையொப்பு போட்டாப் போதும். இல்லன்னா அடுத்த ஆளக் கூப்புடுவேன்னு சொல்றாரு."

ஒரு அடி. குழந்தைகளுடைய முகம் ஒவ்வொன்றாக வந்து நின்றது. காய்ந்த கிணறு வந்தது. எஸ்டேட்டுக்குப் போகிற பஸ்ஸில் மூட்டையோடு நாங்கள் உட்கார்ந்திருக்கிற மாதிரி கூடத் தெரிந்தது. வலது கால் கொஞ்சம் எழுந்ததோ என்னவோ, சுடுகிற மண்ணில் அது எதற்கு எழுந்தது என்று என்னால் சொல்ல முடியாது. கல்லில் பூசியிருந்த மஞ்சளைப் பார்த்தேன். கால் எழுந்த இடத்திலேயே திரும்ப இறங்கிவிட்டது.

"முடியாதுங்க சார்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு சூப்ரண்டிடம், "சார், நீங்க நடுவால நின்னு எனக்காகக் கேளுங்க. இண்டர்சீட் சார்," என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். திரும்பி மேனேஜரிடம் பேசத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. நான் சொன்னது ஒரு வரி. அவர் பேசியது ஒரு புராணம். கையை நீட்டி கோயில் பக்கம் காட்டினார், கேட்டைக் காட்டினார், என் காலைக் காட்டினார். நடுவில் அவர் குரலும் கொஞ்சம் கம்மியது. நான் கண்ணை மூடி அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

கண்ணைத் திறந்தபோது மேனேஜர் கையில் ஒரு தாளும் பேனாவும் இருந்தன. கல்லுக்கு மேலாக என்னிடம் நீட்டினார். தாளை வைத்து எழுத இடமில்லை. கல்லின்மேல் வைக்க நான் விடமாட்டேன். சூப்ரண்டு பியூனைக் குனியச் சொன்னார். அவன் கால் கம்பெனியிலும் தலை எங்கள் ஊரிலுமாகக் குனிந்தான். அவன் முதுகில் தாளை வைத்து நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். டீ கொட்டிய கோபத்தில் அவன் மூச்சு விட்டு விட்டு முதுகை ஆட்டியதால் என் கையெழுத்து அலை அலையாக விழுந்தது.

"நாளைக்கே வரணும்," என்றார் சூப்ரண்டு.

"காப்பு அவுக்காம எப்படீங்க சார்?"

"எடோ, கேட்டு நிங்ஙளோட அம்மனோட பக்கம்தானே? கேட்டுல நில்லு. ஆபீசுக்கு யாரும் உன்ன விளிக்கில்லா."

அப்படித்தான் என் உத்தியோகம் தொடங்கியது. காக்கித் தொப்பி கொடுத்தார்கள், போட்டுக்கொண்டேன். பூட்ஸ் கொடுத்தார்கள், கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். மஞ்சள் வேட்டி, தாடி, திருநீறு, தலையில் தொப்பி. தமிழ்நாட்டிலிருந்து வந்த லாரி டிரைவர்கள் என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றி இறங்கி, திருநீறு கேட்டார்கள். என்ன செய்வது, மடியில் இருந்ததைக் கொடுத்தேன். கம்பி ஏற்ற வந்தவர்கள் கேட்டில் வரிசையாகக் கும்பிட்டுக்கொண்டு நிற்பதை மேனேஜர் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சூப்ரண்டைக் கூப்பிட்டுக் கேட்டாராம். "பாஸ் பரிசோதனை நடக்குது," என்று அவர் சொல்லிவிட்டாராம்.

நோம்பியன்று பூவோடு எடுத்தேன். சட்டி கையில் சூடாகவே இல்லை. வீட்டுக்காரி முன் வரிசையில் நின்று அம்மனைப் பார்த்த பார்வையில், சொன்னேனல்லவா என்கிற மாதிரி இருந்தது. அம்மன் முகமும் கொஞ்சம் சங்கடமாகத்தான் தெரிந்தது என்று அவள் இன்றைக்கும் சொல்வாள். குழந்தைகள் மூவரும் பள்ளிக்கூடம் போனார்கள். எஸ்டேட் பஸ்ஸில் நாங்கள் ஏறவே இல்லை.

சூப்ரண்டு அன்று என்ன பேசினார் என்று அவர் ஓய்வு பெறுகிற சமயத்தில் கேட்டேன். "உன்னப் பத்தி ஒரு வாக்கும் பறஞ்ஞில்லா. எண்ட அம்மையப் பத்திப் பறஞ்ஞு," என்றார். அம்மை என்று அவர் சொன்னது பெற்ற தாயை; அவளும் மகனுக்காக ஏதோ ஒரு கோயில் வாசலில் இப்படி நின்றிருப்பாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது ஊரில் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்கிறார்கள். கல் தானாக நகர்ந்து ஆபீஸ் வாசலுக்கே போய்விட்டதாம். மேனேஜர் மேல் அம்மன் வந்து இங்கிலீஷில் அருள்வாக்குச் சொன்னாளாம். நான் லத்தீன் மந்திரம் சொன்னதாகக் கூட ஒரு பேச்சு இருக்கிறது. கேட்கிறவர்கள் என் காலைத் தொட வருகிறார்கள், எனக்கு வெட்கமாக இருக்கிறது. கல் இருந்த இடத்தில்தான் இருந்தது. அது நகராததால்தான் மனிதர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவளுக்கு அது போதும், ஜோடனை எதுவும் வேண்டாம். ஆகையால் இதைப் படிக்கிறவர்கள் பிள்ளைகளுக்கோ பக்கத்து வீட்டுக்காரர்களுக்கோ சொல்வதானால், தயவுசெய்து ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல், இங்கே இருக்கிறபடியே சொல்லுங்கள். சிரிப்பு வருகிற இடத்தில் சிரித்துக்கொள்ளலாம். பூசாரியிடம் கேட்டுவிட்டேன், குற்றமில்லையாம்.